மாறுகால் கதிரை

அப்புத்தளைக்கு மேலே, பனி இறங்கினால் வாசல் தெரியாத இடத்தில் ஒரு பெரிய ஹோட்டல் இருக்கிறது. முன்பு அது எங்கள் தோட்டத்துத் துரை பங்களா. அதன் முன்கூடத்தில் ஒரு கதிரையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் யாரும் உட்காரக் கூடாது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு பெரிய தச்சன் செய்தது என்று சொல்லி வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டுகிறார்கள். அவர்களும் குனிந்து குனிந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அந்தக் கதிரையைச் செய்தவன் நான்.

இதைச் சொன்னால் பதுளையில் என்னைத் தெரிந்தவர்கள் நம்புவார்கள், தெரியாதவர்கள் சிரிப்பார்கள். இரண்டைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. நன்றாகத் தெரிந்தும் வாயைத் திறக்காத ஒருவன் இருக்கிறான். அவன் என் மகன். அந்த ஹோட்டலில்தான் அவனுக்கு உத்தியோகம். கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று இங்கிலாந்துத் தச்சனின் கதையைச் சொல்கிறவனே அவன்தான். ஒரே ஒரு ஆளிடமாவது, "இது எங்கள் அப்பா செய்தது" என்று அவன் சொல்லிக் கேட்க வேண்டும். இந்த வயதில் எனக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு தேயிலைத் தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிக்கப் போனேன். ஆணி அடிக்கப் போன எத்தனையோ பேர் கடைசிவரை ஆணிதான் அடித்தார்கள். நான் அப்படி இருக்கவில்லை. தொழிற்சாலைத் தச்சர் சாப்பிடப் போகும் நேரத்தில் அவருடைய உளியை எடுத்துப் பழகினேன். அவர் பிடித்துவிட்டார். அடிக்கவில்லை, நான் செதுக்கியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வாரம் நான் அவர் பக்கத்தில் நின்று வேலை செய்தேன். சில வருஷத்தில் அவர் என் பக்கத்தில் நின்று வேலை செய்தார். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். பெருமை என்றே வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இன்றைக்குப் பதுளை பஸாரில் ஒரு சுற்று நடந்து வாருங்கள். நான் செய்த கல்லாமேசைக்குப் பின்னால் உட்காராத முதலாளி குறைவு. ஆஸ்பத்திரியில் சனங்கள் நம்பர் வாங்கிக்கொண்டு காத்திருக்கிற நீள வாங்குகளில் பல என் பட்டறையில் இருந்து போனவை. எவ்வளவு பாரம் தாங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்றுவரை ஒரு வாங்கும் காலை விரித்ததில்லை. சொந்தப் பட்டறை, மாடி வைத்த வீடு, மகனுக்கு நல்ல பள்ளிக்கூடம், ஹோட்டல் படிப்பு. எல்லாம் இந்தக் கையால் வந்தது. யாரும் தூக்கிவிடவில்லை.

இனி கதிரை கதைக்கு வருகிறேன்.

வெள்ளைக்காரத் துரைமார் போய், நம் நாட்டுத் துரைமார் வந்த காலம் அது. எனக்குக் கல்யாணமாகிப் புதுசு. எங்கள் தோட்டத்துக்கு வந்த துரைக்குப் பங்களாவில் வெள்ளைக்காரன் விட்டுப்போன மாதிரியே எல்லாம் வேண்டும். சாப்பாட்டு மேசை இருந்தது, கதிரைகளைக் கறையான் தின்றிருந்தது. என்னைக் கூப்பிட்டனுப்பினார். அலமாரியில் இருந்து கனத்த படப்புத்தகம் ஒன்றை எடுத்து விரித்தார். பக்கத்துக்குப் பக்கம் கதிரை, கட்டில், அலமாரி. எல்லாம் இங்கிலாந்தில் ஒரு தச்சன் வரைந்து அச்சடித்த மாதிரிகளாம். அவன் பெயரைச் சொன்னார். அது அன்றைக்கும் என் வாயில் நுழையவில்லை, இன்றைக்கும் நுழையாது.

ஒரு கதிரையின் மேல் விரலை வைத்தார்.

"இந்தப் படத்துல என்ன இருக்கோ அதான் எனக்கு வேணும். கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. ஒன் சொந்த மூளைய இதுல போட்டுறாத. மொதல்ல ஒண்ணு செஞ்சு காட்டு."

"சரிங்க தொரை" என்றேன்.

புத்தகத்தை வெளியே கொடுக்க மாட்டார். ஆகவே பங்களாவின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றில் பென்சிலால் அதைப் பெயர்த்து வரைந்தேன். இங்கிலீஷ் எழுத்து தெரியாவிட்டாலும் இலக்கம் தெரியும், அங்குலம் தெரியும். முதுகுப் பலகை ரிப்பனை முடிச்சுப் போட்ட மாதிரி பின்னிப் பின்னிப் போனது. அதை வரைந்து முடித்துக் கீழே வந்தபோதுதான் பார்த்தேன். முன்கால் இரண்டும் ஒரே மாதிரி இல்லை. இடது கால் சதுரமாக, நேராக இறங்கியது. வலது கால் முழங்கால் மடிந்த மாதிரி வளைந்து, மேலே இலை செதுக்கி, கீழே சுருண்டு நின்றது.

எனக்குப் புரியாமல் இல்லை. பார்த்தவுடன் கண்ணில் குத்தியது. பங்களாவில் சமையல் பார்த்த அப்பு அந்தப் பக்கம் வந்தபோது பலகையைக் காட்டினேன்.

"அண்ணே, காலு ரெண்டும் மாறி இருக்கு. தொரைகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கவா?"

"கேட்டு? 'தொரை, ஒங்க படம் தப்பு'ன்னு சொல்லப் போறியா?"

"அப்படி இல்லண்ணே, சந்தேகந்தான்."

"பெரட்டுல நின்னு சந்தேகம் கேட்டவன் எவனாச்சும் அடுத்த பெரட்டுல நின்னுருக்கானா? படத்துல உள்ளபடி செய்யின்னார்ல. செஞ்சுட்டுப் போ தம்பி. வெள்ளக்காரன் ரசனை ஒனக்கும் எனக்கும் வெளங்கவா போகுது?"

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இது விளங்காது. காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் துரை என்ன சொன்னாலும் எங்களிடம் இருந்த பதில் ஒன்றுதான், சரிங்க. எந்த மலைக்குப் போகச் சொன்னாலும் சரிங்க. அந்த மலையில் கொழுந்தே இல்லை என்று தெரிந்தாலும் சரிங்க. கேள்வி கேட்பது துரையைப் பொய்யனாக்குவது. என் அப்பா அப்படித்தான் வாழ்ந்தார், அவருடைய அப்பாவும் அப்படித்தான். நானும் வரைந்தபடியே செய்தேன்.

எப்படிச் செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே மாதிரி இரண்டு காலில் கதிரையை நிறுத்த எந்தத் தச்சனாலும் முடியும். வளைந்த காலும் நேர்காலும் பாரத்தை ஒரே மாதிரி தாங்காது. வளைந்த காலுக்கு மரத்தின் ரேகை ஓடுகிற திசை பார்த்து மகோகனியில் துண்டு தேடினேன். துளையிலே நாக்கு இறங்குகிற மூட்டை அந்தப் பக்கம் கொஞ்சம் ஆழமாக எடுத்தேன். பொலிஷ் போட்டு முடித்துத் தரையில் வைத்தபோது ஒரு மயிரளவும் ஆடவில்லை. அந்த இங்கிலாந்துத் தச்சனே வந்து பார்த்திருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டான்.

கதிரையைத் தலையில் சுமந்துகொண்டு பங்களாவுக்குப் போனேன். அன்றைக்குப் பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரும் அவர்களுடைய நோனாமாரும் தேநீருக்கு வந்திருந்தார்கள். முன்கூடத்தின் நடுவே இறக்கி வைத்தேன். துரை பார்த்தார். ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வர, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி எல்லோருக்கும் காட்டினார். அப்போதுதான் எனக்கும் விஷயம் தெரிந்தது. அந்தத் தச்சன் ஒரே படத்தில் இரண்டு விதமான காலை வரைந்திருக்கிறான். வாடிக்கையாளர் எது பிடிக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும், தச்சன் இரண்டையும் அதே மாதிரி செய்ய வேண்டும். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும்.

"ஏய், இங்க வா. உக்காரு" என்றார் துரை.

நான் நின்றேன்.

"உக்காருன்னா உக்காரு."

உட்கார்ந்தேன். லயத்தில் பிறந்த ஒருவன் அந்த முன்கூடத்தில் கதிரையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும். என் முன்னால் தேநீர்க் கோப்பையோடு அத்தனை பேர்.

"பாத்தீங்களா, ஒரு கால் லண்டன்ல, ஒரு கால் லயத்துல" என்றார். அதை இங்கிலீஷிலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். "எந்திரிச்சுப் போ. மிச்சத்த ரெண்டு காலும் நேரா வச்சு செய்."

மிச்சத்தை இரண்டு காலும் நேராக வைத்துச் செய்தேன். ஒன்றுகூடக் குறை இல்லை. அதை யாரும் பேசவில்லை. அப்பு வாயால் கதை லயத்துக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து என் பெயர் மாறுகால் பாஸ். எங்கள் பக்கத்தில் கைத்தொழில் செய்கிறவனைப் பாஸ் என்பார்கள், அதில் மரியாதை உண்டு. முன்னால் மாறுகாலைச் சேர்த்தால் அந்த மரியாதை எங்கே இருக்கும்? தண்ணீர்க் குழாயடியில் என் மனைவியை ஒருத்தி கேட்டாளாம்:

"ஏக்கா, நாளைக்கு ஒங்களுக்கு மக பொறந்து, ஒங்க வீட்டுக்காரரு மாப்பிள்ள பாத்தா ரெண்டு பேரக் கூட்டியாந்து நிறுத்துவாரா, புடிச்சத எடுத்துக்கம்மான்னு?"

என் மனைவி குடத்தை வைத்துவிட்டு வந்து அழுதாள். நான் தோட்டத்தை விட்டுப் பதுளைக்கு வந்தேன், அந்தப் பெயரும் கூடவே வந்தது. வந்ததால்தான் முன்னேறினேன் என்று சொல்வார்கள். அதுவும் உண்மைதான். அதற்காக அந்தச் சிரிப்புக்கு நன்றி சொல்ல முடியாது.

துரை மாற்றலாகிப் போனபோது நல்ல கதிரைகளையெல்லாம் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். மாறுகாலை விட்டுவிட்டுப் போனார். அது முன்கூடத்து மூலையில் கணப்புப் புகையிலும் மலைப்பனியிலும் கிடந்து கறுத்தது. கொழும்பில் இருந்து ஒருவர் வந்து பங்களாவை எடுத்து ஹோட்டலாக்கினார். அலமாரியில் புத்தகம், மூலையில் கதிரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். அவருக்கு ஒரு கதை பிறந்துவிட்டது.

மகனுக்கு அங்கே வேலை கிடைத்தபோது நான் பஸார் முழுக்க இனிப்புக் கொடுத்தேன். அவனுடைய தாத்தா வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற பங்களா. இவன் அங்கே கோட்டுப் போட்டு, சப்பாத்துப் போட்டு நடுக்கூடத்தில் நிற்கிறான். பார்க்கப் போனேன். வெளிநாட்டுக்காரர் கூட்டம் ஒன்றுக்கு அவன் பேசிக்கொண்டிருந்தான். கயிற்றுக்குள் என் கதிரை. அவன் என்னைப் பார்த்தான், பார்க்காத மாதிரி பேச்சைத் தொடர்ந்தான். முடிந்தவுடன் சமையலறைப் பக்கத்துத் தோட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போனான்.

"என்னடா சொன்ன அவங்ககிட்ட?"

"வழக்கமா சொல்றதுதாம்ப்பா."

"வழக்கமா சொல்றது என்னா?"

சொன்னான். அந்தத் தச்சன் சின்ன ஊர்க்காரனாம். அப்பனும் தச்சனாம். லண்டனுக்கு வந்து பெரிய கடை வைத்து, பிரபுக்கள் வீட்டுக்கெல்லாம் சாமான் செய்தானாம். தன் மாதிரிகளைப் புத்தகமாகப் போட்டானாம். அதைப் பார்த்து ஊர் ஊராக, நாடு நாடாகத் தச்சர்கள் செய்தார்களாம். அவனுடையது என்று சொல்கிற கதிரைகளில் பலவும் அப்படி யார் யாரோ செய்தவைதானாம். இதுவரை உண்மை. அடுத்தது ஹோட்டல் முதலாளியின் கதை. இந்தக் கதிரையை மட்டும் அவனே தன் கையால், வாடிக்கையாளருக்குக் கடையில் காட்டுவதற்காக, இரண்டு விதக் காலோடு செய்தானாம். உலகத்திலேயே இப்படி வேறு இல்லையாம். தேயிலைத் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்தானாம்.

"அவங்க என்ன சொல்றாங்க?"

"ஆச்சரியப்படுறாங்க. என்ன ஒரு யோசனைன்னு."

எனக்கு அந்த இங்கிலாந்துக்காரன் மேல் கோபமே இல்லை. அவனும் என்னைப் போல் கையால் மேலே வந்தவன். அவனுக்காகவும் என்னைப் போன்ற எத்தனையோ பேர் பெயர் தெரியாமல் உழைத்திருக்கிறார்கள். ஆனால் அதே இரண்டு கால். நான் வைத்தபோது கூலிக்காரனின் முட்டாள்தனம். அவன் வைத்தான் என்று சொன்னவுடன் என்ன ஒரு யோசனை.

"நாந்தான் செஞ்சேன்னு ஒனக்குத் தெரியுமேடா."

"தெரியும்."

"ஒரு ஆளுகிட்டயாச்சும் சொல்லக் கூடாதா?"

"சொன்னா என்னாகும்? கயித்த அவுத்து கதிரையச் சமையக்கட்டுக்கு அனுப்புவாங்க. பின்னாலயே என்னையும் அனுப்புவாங்க. லயத்துக்காரர் செஞ்ச கதிரையப் பாக்கவா வெள்ளக்காரன் பிளேன் ஏறி வர்றான்?"

 குரலை இறக்கி அவனே தொடர்ந்தான்.

"ஸ்கூல்ல பந்து அடிச்சா 'மாறுகால்'னுதான் கத்துவானுங்க. ஒங்களுக்குத் தெரியாது, நான் சொன்னதில்ல. இங்கதான்ப்பா யாரும் என்னை அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடுறதில்ல. இதையாச்சும் எனக்கு விட்டுக்குடுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கறிக்கு அரிந்துகொண்டிருந்தாள்.

"அவன் கேட்டதுல என்ன தப்பு? பதுளையே ஒங்க கதிரையில ஒக்காந்துருக்கு. அந்த ஒண்ண விடுங்களேன்."

"அந்த ஒண்ணுலதாண்டி என்னைப் பாத்து சிரிச்சாங்க."

"சிரிச்சவன் எங்கயோ செத்துப் போயிருப்பான். நீங்க மட்டும் இன்னும் எந்திரிக்காம ஒக்காந்துருக்கீங்க அதுல."

அவள் நாக்கு எப்போதும் அப்படித்தான். 

தைப்பொங்கலுக்கு மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. மறுநாள் அவனுடைய அம்மா சர்க்கரைப் பொங்கலை டிபன் கேரியரில் போட்டுக் கொடுத்து என்னை அனுப்பினாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். முன்கூடத்தில் கூட்டம் இல்லை. வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி மட்டும் கயிற்றுக்கு முன்னால் நின்று கதிரையின் காலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் பக்கத்தில். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், கை கூப்பினாள். நல்ல முகம். மகனிடம் ஏதோ கேட்டாள். நான் யார் என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது. கூட்டம் இல்லை, முதலாளி இல்லை. கேட்பது ஒருத்தி, நாளைக்குப் பிளேன் ஏறிப் போய்விடுவாள்.

"இந்தக் கதிரையச் செஞ்சவன் நாந்தான்னு சொல்லு தம்பி" என்றேன். "ஒங்க அப்பான்னு சொல்லு. அவ்வளவுதான்."

மகன் என்னைப் பார்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பி, சிரித்த முகத்தோடு இங்கிலீஷில் சொன்னான். எனக்கு இங்கிலீஷ் பேச வராது. ஆனால் இத்தனை வருஷத்தில் சில சொற்கள் காதில் விழுந்து நின்றிருக்கின்றன. 'ஃபாதர்' என்ற சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அது வரவில்லை. 'ஓல்ட் மேன்' வந்தது. 'எஸ்டேட்' வந்தது. 'ஹேப்பி' வந்தது. அந்தப் பெண்மணி தலையை ஆட்டி, மறுபடியும் எனக்குக் கை கூப்பினாள்.

டிபன் கேரியரைத் தரையில் வைத்தேன். கயிற்றைக் கழற்றினேன். போய் என் கதிரையில் உட்கார்ந்தேன்.

ஒரு சத்தம் வரவில்லை அதில் இருந்து. அத்தனை வருஷம் யாரும் கவனிக்காமல் கிடந்த மரம், இந்த உடம்பு போய் விழுந்தும் ஒரு முனகல் இல்லை. என் மூட்டு என்றால் மூட்டுதான்.

"எந்திரிங்க" என்றான் மகன், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் எழுந்திருக்கவில்லை.

"அப்பா, எந்திரிங்க. கெஞ்சிக் கேக்குறேன். அப்பா."

அந்தச் சொல் வந்துவிட்டது. அவளுக்கும் கேட்டது. என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். 'ஃபாதர்?' என்று அவளே கேட்டாள்.  மகன் சிரித்தான். மெதுவாக, மரியாதையாக அவளிடம் ஏதோ சொன்னான். அவளும் "ஓ" என்று சொல்லிச் சிரித்தாள். அவன் என் கையைப் பிடித்துத் தூக்கினான். நான் எழுந்துவிட்டேன்.

என்ன சொன்னான் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அறைகள் துடைக்கிற பெண் ஒருத்தி, எங்கள் பழைய லயத்துக்காரி, அப்போது மாடிப்படியில் நின்றிருக்கிறாள். அவளுக்கு இங்கிலீஷ் விளங்கும். பிறகு பதுளை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துச் சொன்னாள். சொல்லலாமா வேண்டாமா என்று வாயை மெல்லுவதைப் பார்த்து நான்தான் சொல்ல வைத்தேன்.

"எங்க ஆளுங்க வயசானவங்க எல்லாரையும் அப்பான்னுதான் கூப்புடுவோம்னு சொன்னாருங்க ஐயா."

இதை என் மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை. மகன் மாதத்தில் ஒரு தடவை வருகிறான். தேயிலை கொண்டுவருகிறான், அம்மாவுக்குச் சேலை கொண்டுவருகிறான். என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான். குழம்பு நன்றாக இருக்கிறதா என்று நான் கேட்பேன், நன்றாக இருக்கிறது என்பான்.

அதற்குப் பிறகு ஒரு தடவைதான் அந்தப் பக்கம் போனேன். பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஜன்னல் அளவெடுக்கப் போனவன், திரும்பும் வழியில் ஹோட்டல் வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் முன்கூடம் தெரியும். கயிறு இரண்டு சுற்றாகியிருந்தது. கதிரையின் முதுகில் ஒரு அட்டை புதிதாகத் தொங்கியது. 'இதில் உட்காரக் கூடாது' என்று தமிழில் எழுதியிருந்தது. என் பட்டறைப் பெயர்ப்பலகையை எழுதியவன் என் மகன். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

அந்தக் கூடத்தில் தமிழில் எழுதியிருப்பது அது ஒன்றுதான். வருகிற வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது. அங்கே வேலை செய்கிற நம் பிள்ளைகளுக்கு அதில் உட்காரத் தைரியம் கிடையாது. அந்த அட்டையைப் படிக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். அதற்கு என் மூன்றாம் வகுப்புப் படிப்புப் போதும்.